நோய்ப் பச்சையும் பாசிப் பச்சையும்

அந்த ஆடியில் எங்கள் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தது. கே.ஜி.கண்டிகையைத் தாண்டி, எங்கள் நிலத்தின் ஓரமாக நானும் என் அக்கா கணவரும் சேர்ந்து நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம். அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். காலையில் கொட்டகையைத் திறந்தால் சில கோழிகள் இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றன. பேர்தான் வெள்ளைக்கழிச்சல், எச்சம் பச்சையாகக் கிடந்தது. ஒரு பெட்டைக் கோழி கழுத்து திருகிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"தடுப்பூசி போட்டும் இன்னாடா இது?" என்றார் பாவா. எனக்கும் அதுதான் புரியவில்லை.

கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் சாலை அடைத்துக் கிடந்ததால் கால்நடை டாக்டரம்மா திருத்தணியிலிருந்து வந்து சேர மதியமாகிவிட்டது. ஊசி எல்லாக் கோழிக்கும் ஒரே மாதிரி பிடிக்காது என்றார். நோய் கண்டவற்றைத் தனியாக அடைக்கச் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். கரும்பச்சைத் தூள். தொட்டித் தண்ணீரில் வளர்த்துக் காயவைத்த சுருள்பாசி.

"இது வைரஸைக் கொல்லுங்களா?" என்று கேட்டேன்.

"கொல்லாதுங்க. வைரஸ் உள்ள போனா, இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி கோழியோட ஈரல், குடலெல்லாம் கெட ஆரம்பிக்கும். அந்தத் துருவைத் தடுக்கிற சத்து இதுல இருக்குது. மஞ்சள், கீழாநெல்லி, முருங்கை இலையில கூட இருக்குது. தீனியில கலந்து குடுத்துப் பாருங்க. பிழைச்சிடும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

நோயைக் கொல்லாத ஒன்று நோயிலிருந்து எப்படிக் காப்பாற்றும்? அவர் போன பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பாவாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கீழாநெல்லி என்ற சொல் காதில் விழுந்ததும் வரப்புக்குப் போய்ப் பறித்துக்கொண்டு வந்து, மஞ்சளோடு அரைத்தார். பாசியை அவர் நம்பவில்லை. கடைசியில் கொட்டகையின் நடுவே வலை கட்டினோம். ஒரு பக்கம் என் பாசி, மறுபக்கம் அவர் கீழாநெல்லி.

அடுத்த நாள் என் பக்கம் போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் பச்சை எச்சம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எல்லாமே பச்சையா போவுதுங்க!"

"பாசி தின்னாலும் அப்படித்தாங்க போகும்."

"அப்போ நோய்ப் பச்சை எது, பாசிப் பச்சை எது?"

"எச்சத்தைப் பாக்காதீங்க. கோழி தீனி எடுக்குதான்னு பாருங்க."

தரையில் குந்தி ஒவ்வொரு கோழியாகப் பார்த்தேன். ஒன்று கொத்தும், மனம் தேறும். பக்கத்திலிருப்பது தலையைத் தொங்கப்போடும். எனக்கும் தெம்பு போய்விடும். அதற்குள் வலை எங்கோ பிரிந்து, கீழாநெல்லிக் கோழிகள் இந்தப் பக்கம் வந்து பாசித் தீனியைக் கொத்திக்கொண்டிருந்தன.

"பாவா, உன் கோழிங்க இங்க வந்து துன்னுகினு கீது!"

"உன்னுதுங்க மட்டும் இன்னா, அங்கதான் மேயுதுங்க."

எது யாருடையது என்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு இரண்டையும் ஒன்றாகவே கலந்து வைத்தோம். இரண்டு பக்கத்திலும் சில செத்தன. அவற்றைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். மெல்ல மெல்லச் சாவு குறைந்து, நின்றே போனது. கழுத்து திருகிய அந்தப் பெட்டை கூடப் பிழைத்துக்கொண்டது.

மறுபடி வந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எதுங்க காப்பாத்துச்சு? ஊசியா, பாசியா, கீழாநெல்லியா?"

"எனக்கும் தெரியலைங்க. எதுவுமே குடுக்காம ஒரு கூட்டத்தை விட்டு வெச்சிருந்தா சொல்லலாம்."

பாவா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எந்தக் கோழிய சும்மா வுட்றதும்மா?"

எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. போன வாரம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கோழி வைத்திருப்பவர். எதைக் கொடுத்துப் பிழைக்கவைத்தீர்கள் என்று கேட்டார்.

"மொதல்ல ஊசி போடுங்க," என்றேன்.

"ஆங், அப்புறம்?"

கொஞ்சம் பாசித்தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பாவா வரப்பில் இறங்கிக் கீழாநெல்லி பறிக்கத் தொடங்கிவிட்டார்.