வத்தையில் என்னை ஏற்றிய நாள்

வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டகைக்குள் அந்த வத்தையை இழுத்து வந்து போட்ட நாளிலிருந்து எனக்குக் கொல்லைப்பக்கம் போகவே பயம். வத்தை என்றால் எங்கள் கரையில் சின்னப் பாய்மரப் படகு. முந்தின வருஷம் வாடைக்காற்றில் அது கவிழ்ந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் அதில் இருந்தார்கள். அப்பா நீந்திக் கரை சேர்ந்தார். சித்தப்பா கிடைக்கவே இல்லை. வத்தை மட்டும் முகப்பு உடைந்து, ஒரு பக்கம் பிளந்து, கோட்டைப்பட்டினத்துக்கு வடக்கே ஒதுங்கிக் கிடந்தது.

எல்லாரும் விறகாக்கிவிடச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. தச்சரையும் கூப்பிடவில்லை. தானே புதுப் பலகைகளை இழைத்துப் பொருத்தினார். இடுக்குகளில் பஞ்சைத் திணித்தார். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார். நாங்கள் தின்ற சோற்றில்கூட அந்த வாடை அடித்தது. வேறு படகில் கூலிக்குப் போகக் கூப்பிட்டாலும் போக மாட்டார். உடம்பு பாதியாகிவிட்டது.

அம்மாவை நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் அவள் என்னிடம் அப்பாவுக்குச் செம்பில் கஞ்சி கொடுத்தனுப்பினாள். கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். நீளப் பலகையின் ஒரு முனையை அப்பா தூக்கிப் பிடித்திருந்தார்.

“அங்கிட்டு நல்லாப் புடிடா. நழுவுது பாரு.”

அந்த முனையில் யாரும் இல்லை. அது தரையில் கிடந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, “சரி, விடு. நானே பாத்துக்கிறேன்” என்று சிரித்தார். செம்பை வைத்துவிட்டு ஓடினேன்.

“அப்பா சித்தப்பாகிட்டப் பேசுறாரு ஆத்தா.”

மீன் அரிந்துகொண்டிருந்த அவள் கை நின்றது. “யாருகிட்டயும் சொல்லாத” என்றாள். அப்புறம் ராத்திரி பகல் எந்நேரமும் அவள் கண் கொட்டகை மேலேயே இருந்தது.

வேலை முடிந்து வத்தையைக் கடலில் இறக்கிய காலையில், “தனியாத்தான் போறேன்” என்று அப்பா சொல்லிவிட்டார். அலையில் கால் நனைத்தாலே என்னை அடிக்கிற ஆத்தா, சட்டென்று என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள்.

“இவளையும் கூட்டிக்கிட்டுப் போங்க.”

“புள்ள எதுக்கு?”

“போகட்டும்.”

நான் கத்தினேன். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வத்தைக்குள் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

காற்று பாயை நிறைத்தது. அப்பா ஒரு தடவைகூடக் கரையைப் பார்க்கவில்லை. பனைமரங்கள் சிறுத்து, கரை ஒரு கோடாகி, அந்தக் கோடும் அழிந்தது. புதுப் பலகையின் இடுக்கில் தண்ணீர் கசிந்து என் பாவாடையை நனைத்தது. சொன்னேன், அப்பா காதில் விழவில்லை. ஓரிடத்தில் பாயை இறக்கினார்.

“இங்கனதான்” என்றார், என்னிடம் அல்ல.

சுக்கானை விட்டுவிட்டு எழுந்தார். விளிம்பில் ஒரு காலை வைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். வத்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. நான் மறுபக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, எனக்குப் பயமா இருக்கு. வீட்டுக்குப் போவோம்ப்பா.”

திரும்பினார். நான் அங்கே இருப்பதை அப்போதுதான் கண்டவர்போல வெகுநேரம் பார்த்தார். பிறகு காலை உள்ளே எடுத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அது கடலைவிடப் பயமாக இருந்தது. அழுது முடித்துப் பாயை ஏற்றினார்.

நாங்கள் கரைக்குத் திரும்பியபோது இடுப்பளவு தண்ணீரில் ஆத்தா நின்றிருந்தாள். என்னைத் தூக்க வந்தவளின் கையைத் தட்டிவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டேன். அப்பாதான் என்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார், ஆத்தா என்னைக் கடலுக்குக் கொடுத்தவள் என்பதே என் கணக்கு. அதற்குப் பின் பல நாள் அவள் பக்கத்தில் படுக்கவில்லை. அவள் ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை. அவளும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. அப்பாவைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவர அவளிடம் என்னை விட்டால் வேறு எதுவும் இருக்கவில்லை என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?