கீரிமலைக்குப் போகாத பெட்டியும் ஒரு ரோமாபுரிக் கல்லும்

சனிக்கிழமை, காலை 9.40. குவேக்கர்ஸ் ஹில் ரயில் நிலையம்.

மெல்பேர்ணில் ட்ருகனினாவில் இருக்கும் நான் சிட்னிக்கு வந்தது ஊர் பார்க்க அல்ல, அத்தானோடு கதைக்க. என் அக்கா இறந்து எட்டு மாதமாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடு கரைத்திருக்க வேண்டிய சாம்பல் இன்னும் ஒரு பெட்டியில், குசினி அலுமாரித் தட்டில், தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேட்பவர்களிடம், யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைக்கப்போவதாகச் சொல்கிறார் அத்தான். டிக்கெட் மட்டும் போடுகிறாரில்லை. "அப்பா அந்தப் பெட்டியோட கதைக்கிறார், மாமா" என்று அக்காவின் மகள் போனில் அழுதாள்.

வீட்டில் அந்தப் பெட்டிக்கு முன்னால் கதைக்க முடியாதென்று அத்தானை வெளியே கூட்டிவந்தேன். நகரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடப் பயணம். வாரவிறுதியில் நாள் முழுக்கச் சுற்றினாலும் பத்து டொலருக்குள்தான். விமானத்தில் நான் ஒத்திகை பார்த்து வந்த பேச்சைப் பரமட்டா தாண்டியும் தொடங்கவில்லை. அத்தானோ ஜன்னல் வழியே தெரிந்த வீடுகளுக்கெல்லாம் விலை சொல்லிக்கொண்டு வந்தார்.

11.15. அருங்காட்சியகம். அனுமதி இலவசம்.

எனக்குப் பழைய கல்லென்றால் பைத்தியம். அறை நடுவே இடுப்பளவு உயரத்தில் ரோமாபுரிக் காலத்து வெள்ளைச் சலவைக்கல் பீடம் ஒன்று நின்றது. மூலைகளில் ஆட்டுக்கிடாய்த் தலைகள், அவற்றின் கொம்புகளில் தொங்கும் பூமாலை, ஒரு பக்கம் குடம், மறுபக்கம் தட்டு.

"பூசைச் சாமான் எல்லாம் இருக்கு" என்ற அத்தான், நான் தடுப்பதற்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

அங்கே விளக்கம் சொல்லும் வெள்ளைக்கார அம்மா சிரித்தபடி வந்தார். கோயில் பீடம் அல்ல, இறந்த ஒருத்தியின் சாம்பலுக்காக வைத்தது என்றார். அத்தான் இரண்டடி பின்வாங்கினார்.

"அட, செத்தவீட்டுக் கல்லோ! இனி வீட்ட போய் முழுகவெல்லோ வேணும்."

"ரெண்டாயிரம் வருசத்துத் துடக்கு, அத்தான். எப்பவோ கழிஞ்சிருக்கும்."

அந்த அம்மா கல்லில் இருந்த எழுத்தை வாசித்தார். பிரீமாவுக்கு. மிக நல்ல மனைவிக்கு. ஒரு சண்டையும் இல்லாமல் தன்னோடு வாழ்ந்தவளுக்குக் கணவன் வைத்தது.

"சண்டையே இல்லையாம்! புளுகன்" என்று அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவர் குனிந்து, சாம்பல் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேலே குடைந்த குழியில்தான் இருந்ததாம். எப்போது போனதென்று யாருக்கும் தெரியாது. ரோமிலிருந்து இந்தக் கல் ஓர் ஆங்கிலப் பிரபுவின் தோட்டத்துக்குப் போயிருக்கிறது. அங்கே குழியில் மண் போட்டுப் பூங்கன்று நட்டார்களாம். தண்ணீர் வடிய அடியில் துளையும் போட்டிருக்கிறார்கள். பிறகு ஏலத்தில் கைமாறிக் கப்பலேறி இங்கே வந்திருக்கிறது.

"சலவைக்கல்லில வச்சும் அவனால அவளை வச்சிருக்கேலாமல் போச்சு. பாவம்" என்றார் அத்தான். வெகுநேரம் அங்கேயே நின்றார்.

திரும்பும்போது பிளக்டவுன் தாண்டியதும் சொன்னார்: "கீரிமலை எண்டு சொன்னது சும்மா, மச்சான்."

"தெரியும், அத்தான்."

"நாளைக்கு இஞ்ச கடலுக்கே போவம்."

ஞாயிறு, காலை 7.20. லா பெருஸ் கடற்கரை.

காரில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். பாறைகளில் நல்ல காற்று. அத்தான், அக்காவின் மகள், நான், மூவர் மட்டும். அத்தான் தண்ணீருக்குக் கிட்ட முழந்தாளிட்டு, பெட்டியைச் சரித்து, சாம்பலைப் பிடி பிடியாக அள்ளிக் கரைத்தார். அவசரப்படவே இல்லை.

சேர்ந்து வாழ்ந்த முப்பத்தொரு வருடமும் அவர் அக்காவை "இஞ்சேரும்" என்றுதான் கூப்பிட்டார். அக்காவும் "இஞ்சேருங்கோ" என்பாள். பெயர் சொன்னால் வாய் வெந்துபோகுமோ என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

கடைசிப் பிடி கையைவிட்டுப் போனதும் அவர் கடலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"பரமேஸ்வரி... போயிட்டு வாரும்."