விருதுக்குப் போன குரல்

1. பட்டியலில் என் பெயர்

வானொலியில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். பேட்டரி தீர்ந்துவிடுமோ, கார்டு நிறைந்துவிடுமோ, பேட்டி கொடுப்பவர் பாதியில் எழுந்து போய்விடுவாரோ என்று ஏதாவது ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் ஒரு ஸ்பேர் பையில் வைத்திருப்பேன் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு 'ஸ்பேர் சரஸ்வதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பயம் நல்லது, வேலையைக் காப்பாற்றும். இங்கே சொல்லப்போவது வேறு பயம். செல்போனிலேயே பாட்காஸ்ட் எடுக்கிற பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஓய்வுபெற்று சங்கரன்கோவிலுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. இணைய வானொலி ஒன்றுக்கு ஒரு பயணத் தொடர் செய்து கொடுத்தேன். விமானம், மலை, கடல் எதுவும் கிடையாது. எங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் பஸ் ஒன்றில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அங்கே காதில் விழுவதைப் பதிவு செய்து வருவேன். அவ்வளவுதான் தொடர். அதில் புளியங்குடி எலுமிச்சைச் சந்தை பற்றிய பகுதியைப் பயண எழுத்து, புகைப்படம், ஒலிபரப்பு மூன்றுக்கும் விருது கொடுக்கும் ஓர் அமைப்புக்கு அனுப்பிவைத்தேன். இறுதிப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது.

சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். இத்தனை வருஷம் வானொலியில் குப்பை கொட்டியதற்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்ததில்லை. விழாவுக்கு என்று பட்டுச் சேலை எடுத்தேன். மேடையில் என்ன பேசுவது என்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

2. ஆட்டுக் கணக்கு

விருதுக்குப் போன அந்த ஒலிப்பகுதியின் உயிர் ஒரு பெண்ணின் குரல். புளியங்குடியில் ஓர் அண்ணாச்சியின் கமிஷன் கடையில் பழம் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. கல்யாணம் ஆகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு கையாலும் பழத்தை அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டே ராகம் போட்டு எண்ணுவாள். ஒன்று என்று சொல்ல மாட்டாள். வியாபாரிகள் போல "லாபம்" என்றுதான் தொடங்குவாள். அந்த முதல் சொல்லை நீளமாக இழுத்து, அடுத்த எண்ணைச் சட்டென்று கீழே இறக்கி, மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருப்பாள். சாக்கு நிறைந்ததும் "கிடை நெறஞ்சது" என்று முடிப்பாள்.

"எலுமிச்சம்பழத்துக்கு எதுக்கும்மா கிடை?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "எங்க வீட்ல ஆடுதான்க்கா. சாயங்காலம் ஆடு கிடைக்குள்ள நுழையும்போது அப்பா இப்படித்தான் எண்ணுவாவ. கடைசி ஆடும் வந்திட்டுன்னா கிடை நெறஞ்சதுன்னு சொல்லிப் படலைச் சாத்துவாவ. எனக்கும் அது அப்படியே வந்திட்டு."

பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரு மட்டும் போட்டுறாதீயக்கா" என்றாள். வேற ஆளுக வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு வந்தவள். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஊரிலிருந்து அண்ணன்மார் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்டால் உயிரோடு விடமாட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. அண்ணாச்சிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

எங்கள் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. ஆளை மறைக்க வேண்டுமானால் பேரை எடு, சொந்த ஊரை எடு, உறவை எடு. புகைப்படக்காரருக்கு முகம் என்ற தொல்லை இருக்கிறது. வானொலிக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதுதான் எங்கள் பெருமை. அப்படியே செய்தேன். ஆடு, அப்பா, கிடைக்கு விளக்கம் எல்லாவற்றையும் எடிட்டில் வெட்டினேன். எண்ணுவதை மட்டும் விட்டுவைத்தேன். எலுமிச்சைச் சந்தையில் ஒருத்தி எலுமிச்சம்பழம் எண்ணுகிறாள், இதில் யாருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

3. காபி குடித்த விருந்தாளி

விருதுக்காரர்கள் பட்டியலில் வந்த ஒவ்வொருவரின் படைப்பிலிருந்தும் ஒரு சிறு துண்டை இணையத்தில் போட்டார்கள். என்னுடையதில் அவர்கள் எடுத்த துண்டு அந்த எண்ணிக்கைதான். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் 'சங்கரன்கோவிலுக்குப் பெருமை' என்று போட்டு அது வீடுவீடாகச் சுற்றியது. நான்கூட நாலு பேருக்கு அனுப்பினேன்.

ஒருநாள் காலையில் ஓர் ஆள் பைக்கில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. "விருது வாங்கப்போற அக்கா வீடு இதுதானா? வாழ்த்திட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். இப்படிப் பலர் வந்துகொண்டிருந்த சமயம் என்பதால் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன்.

எங்கள் தெருவில் காலை முதல் விசைத்தறிச் சத்தம் ஓயாது. அன்று அவர் டம்ளரைக் கீழே வைத்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெருவே வாயடைத்துப் போனது போலாயிற்று. அந்த அமைதியில் அவர் தன் செல்போனை எடுத்து அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினார். முழுதும் ஓடி முடியும்வரை தலையைக் குனிந்தபடி இருந்தார்.

"எங்கப்பா மாதிரியே எண்ணுதா" என்றார்.

அவளைத் தேடும் அண்ணன்மாரில் ஒருவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எந்தக் கடைன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

"சந்தைல எத்தனையோ கடை தம்பி. எதுல எடுத்தேன்னு ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லாம இருக்குமா? பரவால்ல. தம்பிமாரு ரெண்டு பேரு அங்கன போயிருக்கானுவ. கடை கடையா கேட்டுக்கிட்டு வாரானுவ." எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆடு தொலஞ்சா தேடிப் போறதுதானேக்கா முறை. காபி நல்லாருந்துச்சு."

ஒரு வார்த்தைகூட அவர் அதட்டிச் சொல்லவில்லை. அதட்டியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அவர் வாசல் தாண்டியதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அவள் உயிர் என் கையில் இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஏலம் நடக்கிற நேரத்தில் அவர் போனை எடுக்கவே மாட்டார். அவளுடைய நம்பர் என்னிடம் கிடையாது. வேண்டாம் என்று நானே வாங்காமல் விட்டிருந்தேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

4. கரிவலம் பஸ்

புளியங்குடி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்தேன். டீக்கடைப் பக்கத்தில் அந்த பைக் நின்றது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குட்டி எங்கே கிடக்கிறது என்று தெரியாவிட்டால் தாயாட்டை அவிழ்த்துவிட்டுப் பின்னாலேயே போவார்கள். என்னிடம் அவர் கடையின் பெயரைக் கேட்க வரவே இல்லை. என்னை அவிழ்த்துவிட வந்திருக்கிறார். நானும் கயிறு கழன்றதும் நேராக ஓடி வந்து பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.

டிரைவர் வண்டியை எடுக்குமுன் இறங்கினேன். பக்கத்தில் நின்ற கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் ஏறினேன். அது வேறு திசை. ஊர் எல்லை தாண்டிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பைக் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவர் இந்தப் பக்கம் வருகிறவரை புளியங்குடிக்கு ஓர் ஆள் குறைவு என்று சொல்லிக்கொண்டேன்.

வழி முழுக்க அண்ணாச்சிக்குப் போன் போட்டும் அவர் எடுக்கவில்லை. கரிவலத்தில் இறங்கி ஊருக்கு வெளியே அறுத்த வயல் பக்கம் நடந்தேன். ஒரு மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் அவர் பைக்கை நிறுத்திச் சாய்ந்துகொண்டார். போனை எடுத்துப் பதறிப் பேசினால் அவருக்குப் புரிந்துவிடும். நின்று யோசிக்கவும் நேரமில்லை.

பையைத் திறந்து ரெக்கார்டரை எடுத்தேன். மைக்குக்குக் காற்றுறை மாட்டினேன். ஹெட்போனைக் காதில் வைத்து, அதன் வயரைப் பைக்குள் விட்டு, ரெக்கார்டரில் செருகாமல் செல்போனில் செருகினேன். என் குரலைப் பைக்குள் இருக்கும் செல்போனே பிடித்துக்கொள்ளும். பிறகு மைக்கை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஆடுகளைப் பார்த்தபடி நடந்தேன். வெளியிடத்துக்குப் போகிற வானொலிக்காரர்கள் கண்ணில் படுவதையெல்லாம் மைக்கிடம் சொல்லிக்கொண்டே நடப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது கிறுக்குத்தனமாக இருக்கும், சந்தேகம் வராது. பைக்குள் கையை விட்டு அண்ணாச்சியின் நம்பரைத் திரும்பத் திரும்ப அமுக்கினேன். எத்தனையாவது தடவையோ, எடுத்தார்.

"யாரு, அக்காவா? ஏலத்துல இருந்தேன், சொல்லுங்க."

நான் சிரித்த முகத்தோடு, கையை ஆட்டி ஆட்டி, கமென்ட்ரி சொல்லும் குரலில் சொன்னேன். "அண்ணாச்சி, அந்தப் பிள்ளையோட அண்ணன் என் பின்னாலயே நிக்கான். தம்பிமாரு ரெண்டு பேரு உங்க சந்தைக்குள்ள இருக்கானுவ. அவள இப்பவே வெளிய அனுப்புங்க."

"ரெண்டு பயலுவ முன் வரிசைக் கடைல விசாரிக்கானுவன்னு இப்பத்தான் ஒருத்தன் வந்து சொன்னான். நம்ம லோடு ஒண்ணு கிளம்புதுக்கா. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சாக்குக்கு நடுவுல ஏத்தி விட்டுருதேன். லாரி எங்க போகுதுன்னா…"

"சொல்லாதீங்க அண்ணாச்சி. எனக்குத் தெரிய வேண்டாம்."

"அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டார்.

வயரைப் பிடுங்கி ரெக்கார்டரில் செருகி, நிஜமாகவே பதிவை ஓடவிட்டேன். ஓடவிட்டது நல்லதாயிற்று. அவர் மரத்தடியிலிருந்து நடந்து வந்தார்.

"என்னக்கா, ஆட்டுச் சத்தமா எடுக்கீய?"

"ஆமா தம்பி. அடுத்த எபிசோடுக்கு."

"நானும் கேக்கலாமா?"

ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் முகம் இளகியதை நான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. "இதுல ஒரு குட்டி தாயத் தேடுது. இந்நேரம் வர கத்திக்கிட்டே இருக்கு பாருங்க" என்றார். எனக்கு வெறும் மந்தை இரைச்சலாகத்தான் கேட்டது. இவ்வளவு ஆட்டில் ஒரு குட்டியின் குரலைப் பிரித்துக் கேட்கிற காது, தங்கையின் குரலை விட்டுவிடுமா என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வரை அவரை அங்கேயே நிறுத்திவைத்து, கொக்கு, கிளி, பம்புசெட் என்று கண்டதையும் பதிவு செய்தேன். கடைசியில் அவருக்கு ஒரு போன் வந்தது. கேட்டுவிட்டு, என்னை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

5. விலகல்

விழா மேடையில் அதே துண்டைத்தான் போடுவார்கள், நேரலையும் உண்டு. மறுநாள் விருது அலுவலகத்துக்குப் பேசினேன். அங்கே போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"மேடம், அந்த கவுண்டிங் பிட்தான் ஜூரிக்கே ரொம்பப் பிடிச்சது. ஃபைனல் லிஸ்ட் வந்த அப்புறம் கிளிப்பை மாத்த முடியாது. என்ட்ரியை நீங்க வித்ட்ரா பண்ணாதான் எல்லா இடத்திலேயும் எடுக்க முடியும். இன்னும் ரெண்டு நாள் யோசிங்களேன். உங்களுக்குத்தான் கிடைக்கும்னு நினைக்கிறேன், நான் சொல்லக் கூடாது."

அவள் சொல்லாமலேயே இருந்திருக்கலாம். விலகுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அழுதேன். எலுமிச்சம்பழம் எண்ணியவளுக்காக அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் கேடயத்துக்காகத்தான் அழுதேன்.

விழாவை வீட்டிலிருந்து பார்த்தேன். புகைப்படப் பிரிவில் ஜெயித்த படத்தில் ரயில் ஜன்னலோரம் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அருமையான படம். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும், இவளை யார் தேடிக்கொண்டிருக்கிறார்களோ என்றுதான் தோன்றியது. இப்போது எந்தப் பயணப் படத்தைப் பார்த்தாலும் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இது ஒன்றுதான். எடிட் முடிந்ததும் நேயரின் காதை வைத்துக் கேட்பீர்கள், ஜூரியின் காதை வைத்துக் கேட்பீர்கள். வெளியே விடுமுன், அதில் பேசுகிறவரைத் தேடிக்கொண்டிருப்பவன் காதை வைத்தும் ஒருமுறை கேளுங்கள்.

6. ஒரு போன்

அவள் புளியங்குடியில் இல்லை என்பதால்தான் ஊர்ப் பெயரை எழுதியிருக்கிறேன். எங்கே இருக்கிறாள் என்று எனக்கும் தெரியாது, அண்ணாச்சிக்கும் தெரியாது. வழியிலேயே இறங்கி வேறு வண்டி பிடித்துவிட்டார்கள் என்று லாரி டிரைவர் சொன்னாராம். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. செய்தித்தாளைத் திறக்கும்போதெல்லாம் கை கூசும். உள்பக்கங்களைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "யாரு?" என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அண்ணன்தான் என்று நினைத்தேன். வைக்கப் போனபோது, மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, அந்த ராகம் வந்தது.

"லாபம்… ரெண்டு… மூணு."

மூன்றாவதற்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது.

"கிடை நெறஞ்சதுக்கா" என்றாள்.

என் கட்டைவிரல் அதுவாகவே பதிவுப் பொத்தானுக்குப் போயிருந்தது. இத்தனை வருஷப் பழக்கம். விரலை எடுத்துவிட்டு, அவள் வைக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.