இருக்கலாம் என்று சொன்னேன்

ஒரு மனிதனை நான் கைவிட்டேன். தவறுதலாக அல்ல. பயத்தாலும் அல்ல. அவன் என்னைவிட மேலானவன் என்பதைப் பொறுக்க முடியாமல், நன்றாக யோசித்தே கைவிட்டேன்.

நீங்கள் என்னைப் பார்த்திருக்கலாம். லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பள்ளி மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல்களில் கூடும் சிறிய தமிழ்ச் சபையின் மூப்பர் நான். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, பொறியாளனாகி, இங்கேயே தங்கிவிட்டவன். ஆராதனை முடிந்ததும் வேதபாடம் எடுப்பேன். அந்த ஆண்டு அப்போஸ்தலன் பவுலின் பயணங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். வரைபடம், பாய்க்கப்பலின் நீளம், காற்றின் திசை… எல்லாவற்றையும் திரையில் அழகாகக் காட்டுவேன். பவுல் எங்கே கல்லெறியப்பட்டார், எங்கே தொழுமரத்தில் பூட்டப்பட்டார், எல்லாம் எனக்கு மனப்பாடம். என் உடம்பிலோ ஓர் அடிகூட விழுந்ததில்லை!

அப்போதுதான் சீலன் வந்தான்.

இலங்கையின் வடக்கே ஒரு கடலோர ஊர்க்காரன். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னதற்காக, தாய்மாமன்மாரே அவனைக் கட்டிவைத்து அடித்திருந்தார்கள். துருக்கி, இத்தாலி, பிரான்ஸ் என்று அலைந்து லண்டன் சேர்ந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தான். வேலை செய்ய அனுமதி இல்லை. லூயிஷாமில் அக்கா வீட்டிலிருந்து சபைக்கு மூன்று மணி நேரம் நடந்தே வருவான். வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு நாற்காலிகளைப் போடுவான். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் நானே. பிள்ளைகள் விளையாடும் காற்றடைத்த பிளாஸ்டிக் குளத்தில் அவன் மல்லாந்து படுத்தும் வயிறு நனையவில்லை. வாளியால் மொண்டு ஊற்றினேன். எல்லோரும் சிரித்தோம், அவனும்தான்.

பவுலின் கப்பல் உடைந்த பகுதியை நான் விளக்கிய நாளில் எல்லாம் மாறியது. பலகைகளைப் பற்றிக்கொண்டு அனைவரும் கரை சேர்ந்தார்கள் என்று சொல்லி முடித்தேன். பின்வரிசையில் சீலன் எழுந்தான்.

"அண்ணை, நானும் ஒருக்கா படகு கவிண்டு கடலுக்க கிடந்தனான். அந்த நேரம் ஆரும் ஜெபிக்கமாட்டினம். கத்துவினம். பக்கத்தில கிடந்தவன்ர தலையை அமத்தித்தான் நான் மேல வந்தனான். அவன்ர பேர்கூட எனக்குத் தெரியாது…"

மண்டபம் அழுதது. ஒருவரும் அவனை நியாயந்தீர்க்கவில்லை. சபையில் மூத்தவரான ரோஸ் அக்கா எழுந்து போய் அவன் தலையில் கை வைத்தார்.

அடுத்த வாரம் அவரே என்னிடம் வந்தார். "உங்கட பாடத்தைக் கொஞ்சம் சுருக்கிப்போட்டு, தம்பியை ரெண்டு வார்த்தை கதைக்க விடுங்கோவன்."

சிரித்துக்கொண்டே சம்மதித்தேன். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று நீங்கள் கண்டிருந்தால்…!

சில மாதங்களில் அவன் வழக்கு தீர்ப்பாயத்துக்கு வந்தது. அவனுடைய விசுவாசம் உண்மையானது என்று சபையிலிருந்து ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். "நீங்கள்தானே அண்ணை என்னைத் தண்ணிக்க இறக்கினனீங்கள்… வருவியளோ?" என்று கேட்டான். "கண்டிப்பா வர்றேன் தம்பி" என்றேன்.

போனேன். வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: இவருடைய விசுவாசம் உண்மைதான் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

"ஒருவருடைய இருதயத்துக்குள் நான் போய்ப் பார்த்ததில்லை" என்றேன். எவ்வளவு பக்தியான பதில்!

அப்படியானால், தங்குவதற்காக அவர் நடிக்கிறார் என்பதற்கும் இடம் இருக்கிறதா?

அந்த மூன்று மணி நேர நடை எனக்கு நினைவுக்கு வந்தது. வந்ததா? வந்தது. நன்றாகவே வந்தது…

"இருக்கலாம்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லைத் தமிழில் சீலனுக்குச் சொன்னார். அவன் தலை குனிந்தான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து அவனே என்னைத் தேற்றினான். "நீங்கள் பொய் சொல்லேலாதுதானே அண்ணை. பரவாயில்லை."

முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் கல்லெறியப்பட்டபோது, எறிந்தவர்களின் ஆடைகளுக்குக் காவல் நின்றவன் வாலிபனான சவுல். அவனும் ஒரு கல்லும் எறியவில்லை. ஆனால் அந்தச் சவுல் பின்னால் பவுலானான். நான் என்ன ஆனேன்? நான் மூப்பராகவே இருந்தேன்!

முதல் முறை நாக்கு தவறிவிட்டது என்று உங்களிடம் சாதிக்கலாம். ஆனால் இரண்டாம் முறையும் ஒன்று இருக்கிறதே! வழக்கு தோற்றதும் சீலனின் வழக்கறிஞர் என்னை அழைத்தார். மேல்முறையீட்டுக்கு ஒரு கடிதம் போதும், கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள் என்றார். எழுதினேன். நல்ல கடிதம். அவன் நடை, அவன் போட்ட நாற்காலிகள், அவன் சொன்ன சாட்சி, ஒன்றையும் விடவில்லை. வாசித்துப் பார்த்தபோது என் கடிதத்திலும் அவனே உயர்ந்து நின்றான்… நான் அனுப்பவில்லை. நினைவூட்டி மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. கெடு முடிந்தது. அவனை விமானத்தில் ஏற்றினார்கள்.

ஊருக்குப் போனவன் சும்மா இருந்தானா? மறுபடியும் வீடு வீடாகப் போனான். இம்முறை மாமன்மார் அவன் வலக்கையைப் படிக்கட்டில் வைத்து உலக்கையால் இடித்தார்கள். விரல்கள் இனி மடங்காதாம். சபையில் இதை அறிவித்தவன் நான். அவனுக்காக ஜெபம் ஏறெடுத்தவனும் நான். அன்று பலர் என் ஜெபத்தைப் பாராட்டினார்கள்.

பயணங்களுக்குப் பிறகு பவுலின் நிருபங்களையும் எடுத்தேன்; போன ஞாயிறு கடைசிப் பாடம். ரோமில், முதல் விசாரணையில், அவருக்காக ஒருவர்கூட வந்து நிற்கவில்லை என்ற இடம். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நிறுத்தினேன். ரோஸ் அக்கா கண்ணைத் துடைத்தார்.

பாடம் முடிந்ததும் சீலனின் அக்கா தொலைபேசியை நீட்டியபடி வந்தார். "அண்ணை, தம்பி லைன்ல நிக்கிறான். துவக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தவன்."

திரையில் அவன் முகம். மெலிந்திருந்தான். நான் நலம் விசாரிப்பதற்குள் அவனே பேசினான்.

"நல்ல பாடம் அண்ணை. ஒரு கேள்வி. அந்த விசாரணைக்கு வராமல் விட்டவை ஆர் ஆர் எண்டு பவுல் பேர் சொன்னவரோ?"

"இல்ல தம்பி… அவங்க பேரைச் சொல்லலை."

"ஓம். சொல்லாமல் விட்டது நல்லது" என்றான். அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.

சபையில் அவனும் இன்றுவரை, தன்னைக் கைவிட்டவன் என்று ஒருவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.

நீங்களே பாருங்கள்… இவ்வளவையும் சொன்ன நான், என் பெயரை உங்களிடம் சொல்லவில்லை.