ஐந்தாவது படம்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சக்கரம் என்றால்தான் திரும்புவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று யாரோ கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. டீயைக்கூட ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டுதான் குடிப்பார். இருபத்திரண்டு வருடமாகியும் அவருடைய நாற்காலி மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

எங்கள் நாடு முதன்முதலாகச் சொந்தச் செயற்கைக்கோளை அனுப்பியபோது, குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆள் இல்லை. என் மாமியாரே கேட்டார், அதுவும் நான் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்து. எங்கே தண்ணீர் இல்லை என்று மேலிருந்து பார்த்துச் சொல்லத்தான் அனுப்புகிறோம் என்பது எங்கள் இயக்குநரின் பதில். சொன்னபடியே வேலையும் வந்தது. வறண்ட மாவட்டம் முழுவதற்கும் நீர் வரைபடம் ஒன்று தயாரானது. வீடுகள் இருந்து பக்கத்தில் நீர் இல்லை என்று வரைபடம் காட்டினால் அங்கே அரசு ஆழ்துளைக் கிணறு போடும். குளம் என்று காட்டினால் அந்தப் பக்கமே துளை போடும் வண்டி போகாது.

மேலிருந்து எடுத்த படத்தில் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். அது தண்ணீரா, மலை நிழலா, எரிந்த புதரா என்று யாராவது போய் நின்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அது சக்கரத்தின் வேலை. முந்நூறு இடங்கள், எல்லாம் நடை. அவர் எழுதிக் கொடுப்பதை நான் கணினிக்குக் கற்றுக்கொடுப்பேன். இந்த மாதிரிக் கறுப்பு குளம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், மாவட்டம் முழுக்க அதே மாதிரி இருப்பதையெல்லாம் தேடிப் பிடித்துக் குளம் என்று போட்டுவிடும். எதிர்க்கேள்வி கேட்காது.

ஒவ்வோர் இடத்திலும் ஐந்து படம் எடுக்க வேண்டும். நான்கு திசைக்கு நான்கு. ஐந்தாவது, குனிந்து தன் காலைத் தானே எடுப்பது. இங்கே நான் நின்றேன் என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த விதியைக் கொண்டுவந்ததே சக்கரம்தான். வேலையில் டபாய்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

அமைச்சர் அந்த வரைபடத்தை வியாழக்கிழமை வெளியிடுவதாக இருந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து சக்கரம் என் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இருநூத்திப் பதினேழாவது எடத்த கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டும்மா."

காட்டினேன். பார்த்தார். போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"அத இன்னொரு தடவ..."

"அண்ணா, அதுல என்ன புதையலா இருக்கு? நாலு தடவ பாத்தாச்சு. குளம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. அவர் வெளியே போனதும் இருநூற்றுப் பதினேழின் ஐந்தாவது படத்தைத் திறந்தேன். தூசி படிந்த அதே பழுப்பு ஷூ. இடது ஷூவின் பக்கத்தில் நசுங்கிய ஒரு சோடா மூடி. மற்றவர்கள் படங்களை முந்தைய இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கதோஷத்தில் இருநூற்றுப் பதினாறையும் திறந்தேன். அங்கேயும் அதே மூடி, அதே நசுங்கல்.

அவருடைய படங்களை நாங்கள் யாரும் சரிபார்ப்பதே இல்லை. சக்கரம் எடுத்ததா, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போடு என்பதுதான் வழக்கம். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

வராந்தாவில் பிடித்தேன். அவர் மறைக்கவில்லை.

"முட்டி போச்சும்மா. ரெண்டு வருஷமாவே இப்படித்தான். சொன்னா உக்கார வெச்சிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்கு இருநூத்திப் பதினாறுல, மேட்டு மேலயே கால் மடங்கிடுச்சு. கீழ இறங்கினா ஏற முடியாது. அங்கேர்ந்தே பாத்தேன், பளபளன்னு இருந்துச்சு. தண்ணிதான்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா?"

"நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

அந்த ஒரு குளத்தைப் பார்த்துக் கணினி எத்தனை குளங்களைக் கண்டுபிடித்திருக்கிறது என்று தேடினேன். அதையும் சேர்த்துப் பதினேழு.

செவ்வாய்க்கிழமை ஜீப்பில் போனோம். மேட்டிலேயே இருங்கள், நான் இறங்கிப் பார்த்து வருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே. பாறையைப் பிடித்து, உட்கார்ந்து, நகர்ந்து இறங்கினார். அந்தச் சரிவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே பளபளத்தது தண்ணீர் இல்லை. கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட். ஒன்றை ஒன்று ஒட்டிய குடிசைகளின் கூரை.

ஒரு பெண் காலிக் குடத்தோடு எங்களை நோக்கி ஓடிவந்தாள்.

"தண்ணி வண்டி பின்னால வருதா?"

இல்லை என்றதும் அவள் முகம் விழுந்தது. ஆனாலும் சக்கரத்துக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து உள்ளே போய் ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"குடிங்க. ரெண்டு மணி நேரம் நடந்து கொண்டாந்தது, கொட்டிடாதீங்க."

"அம்மா, உங்க ஊர நான் குளம்னு எழுதிட்டேன்."

அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"குளமா? இருந்திருந்தா ரொம்ப சௌகரியமா இருந்திருக்கும்."

அவர் குடித்தார். குடிக்கும்போது அழுதார். பிறகு வீடுகளை எண்ணினார். முப்பத்தொன்று. நான்கு திசைக்கும் படம் எடுத்தார். கடைசியில் குனிந்து தன் காலை எடுத்தார். மற்ற பதினாறு திட்டுகளையும் நான் திரும்பவும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவை என்னவென்று எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது.

புதன்கிழமை இயக்குநர் அறையில் சக்கரத்தை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

"பதினேழு இடந்தானேப்பா? நாளைக்கு விழாவ முடிச்சிடுவோம். அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்" என்றார் இயக்குநர்.

"அடுத்த பதிப்பு எப்ப சார்?"

"மூணு வருஷம் ஆகும்."

"மூணு வருஷம் அவங்க குளத்துக்குள்ளயா சார் குடியிருப்பாங்க?" என்றார். களப் பதிவேட்டை மேசைமேல் வைத்தார். "என் தப்புன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன். விழாவ நிறுத்துங்க. இல்லன்னா அமைச்சர் முன்னாலயே இத சொல்லுவேன்."

விழா நின்றது. எல்லாருக்கும் வசவு விழுந்தது. இரண்டாவது செயற்கைக்கோளுக்கு அனுமதி கிடைக்காமல் போய்விடும் என்று இயக்குநர் இரண்டு மாதம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது மாதம் திருத்திய வரைபடம் வெளியானது. அனுமதியும் கிடைத்தது. ஆனால் சக்கரத்தின் வெளி வேலை போனது. எனக்குப் பக்கத்தில், புதிது போலவே இருந்த அவருடைய அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

பார்க்கச் சகிக்கவில்லை. மேசையைத் தட்டுவார். காலை ஆட்டுவார். ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து போய்க் காலண்டரைப் பார்ப்பார், அங்கே என்னவோ மாறியிருக்கும் என்பதைப்போல. என் வேலையே ஓடாது. "ஒரு இடத்துல உக்காருங்களேன் அண்ணா" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அந்த முப்பத்தொரு வீடுகளுக்குக் கிணறு தோண்டுகிற குழுவின் மேஸ்திரிக்கு மட்டும் தினமும் போன் செய்து, முடிந்ததும் ஐந்து படம் அனுப்பு, ஐந்து, மறந்துவிடாதே என்று நச்சரிப்பார்.

ஒருநாள் காலை படங்கள் வந்தன. நான்கு திசைக்கும் நான்கு. ஐந்தாவதைத் திறந்தேன். அதில் மேஸ்திரியின் செருப்பு இல்லை. ஒரு பெண்ணின் வெறுங்கால்கள், கணுக்கால் வரை சேறு, விரல்களுக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி குடுத்த அந்த அம்மாவா?" என்றார் சக்கரம்.

"அப்படித்தான் இருக்கும்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். டீ வந்து ஆறியது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கிளம்பிப் போனார்கள். அவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எழுந்திருக்கவே இல்லை.