மூன்று துண்டு முகவரி

கண்டியில் நான் வேலை செய்யும் அலுவலகம் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது. பார்சல் விநியோகிக்கும் ஒரு கம்பனிக்கு முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் புரோகிராமை அங்கேதான் எழுதினேன். முகவரி முழுவதும் ஒரே வரியாக வரும். கமா வரும் இடமெல்லாம் வெட்டினால் பெயர், வீட்டு இலக்கம், வீதி, ஊர் என்று நான்கு துண்டு கிடைக்கவேண்டும். நான்குக்குக் குறைந்தால் பிழை என்று ஒதுக்கி, வேறொரு கோப்பில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொல்லியிருந்தேன். அரை நாளில் முடித்துவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் கோப்பை யார் பார்ப்பது என்று நானும் யோசிக்கவில்லை, வேறு யாரும் கேட்கவுமில்லை.

அம்மா தெல்தெனியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். நான் கண்டியில் வாடகை அறை ஒன்றில் தனியாக. நடுவில் இரண்டு பஸ்தான். ஆனாலும் தீபாவளிக்குப் பிறகு நான் போகவில்லை. மார்கழிக் குளிர் தொடங்கியதும் மனம் உறுத்தியது. போனிலேயே தேடி நல்ல கம்பளி ஒன்றை வாங்கி அம்மாவின் முகவரிக்கு அனுப்பினேன். மகன் போகவேண்டிய இடத்துக்குக் கம்பளி போகட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் போனில் கேட்டேன்.

“கம்பளி வந்துச்சாம்மா?”

“வந்துச்சு சாமி. அதப் போத்திக்கிட்டுத்தான் படுக்கிறேன். நல்ல சூடு.”

அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

தை பிறந்த பிறகு பார்சல் கம்பனியிலிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. கடுகண்ணாவைக் களஞ்சியத்தில் பார்சல்கள் அனுப்பப்படாமல் குவிந்து கிடக்கின்றனவாம். முதலில் புரோகிராமைத்தான் திட்டினேன். எய்தவன் நான் இருக்க அம்பை நொந்து என்ன பயன்? ஒதுக்கிய கோப்பைத் திறந்தேன். பெரும்பாலும் தோட்டத்து முகவரிகள். தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு இலக்கமும் இல்லை, வீதியும் இல்லை. கடிதமென்றால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். பெயர், தோட்டம், ஊர், அவ்வளவுதான். லயத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனாலும் நான்கு துண்டு என்று எழுதும்போது எனக்கு அது நினைவுக்கு வரவேயில்லை. மூன்றாவது பக்கத்தில் அம்மாவின் பெயர் இருந்தது.

களஞ்சியத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அம்மாவின் பார்சல் கட்டுப் பிரிக்காமல் அங்கேயே இருக்கிறது என்றார்கள். வெட்கமாக இருந்தது. அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்கவுமில்லை. உடனே அவருக்கு எடுத்தேன்.

“அம்மா, அந்தக் கம்பளி என்ன கலரு?”

“நீ அனுப்புன கலருதான் சாமி. ரொம்ப நல்லாருக்கு.”

அனுப்பாமலே அனுப்பியதாகப் பிள்ளை சொல்கிறான் என்று நினைத்திருக்கிறார். என் பொய்யைக் கண்டுகொண்டது எனக்குத் தெரிந்துவிடக்கூடாதென்று தானும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மார்கழி முழுவதும் குளிரில் படுத்திருக்கிறார்.