காய்க்காத பப்பாளி

பக்கத்து வீட்டில் பப்பாளி மரத்தை வெட்டுகிறார்கள். காய்க்கவில்லையாம். மரம் வெட்ட எந்த ஆபீசில் எந்த மனு கொடுக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற எனக்குத் தெரியும், கேட்பாரில்லை. வெட்டிய மரத்துப் பாலின் வாடை மட்டும் சன்னல் வழியே வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ராயபுரத்தில் என் மாமா வீட்டுக் கொல்லையிலும் இதே வாடை. "காய்க்காதது இந்த வூட்ல ரெண்டு கீது. ஒண்ண இன்னிக்கு வெட்டிர்றேன்" என்றார் மாமா. அத்தைக்குப் பிள்ளையில்லை. அடுத்த மாதம் இரண்டாம் தாரம் வருவதாக முடிவாகியிருந்தது.

பள்ளியில் தாவரவியல் புத்தகம் படித்துக்கொண்டிருந்த நான் சும்மா இருக்கவில்லை.

"அது ஆண் மரம் மாமா. பூவுல மகரந்தம்தான் கீது, காய் புடிக்க சூலகம் இல்ல. அது போச்சுன்னா சுவரோரத்துப் பொண்ணு மரமும் காய்க்காது."

"இன்னாடி சொன்னே?"

அத்தை சிரித்துவிட்டாள். அந்தக் கோபத்திலேயே மாமா மரத்தைச் சாய்த்தார்.

புதியவள் வந்தாள். மூன்று வருடமாகியும் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. சுவரோர மரத்திலும் பிஞ்சு நிற்கவில்லை. அவளையும் மாமா மலடி என்று திட்டிய அன்று, அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பொஸ்தகத்த எட்த்துகினு வாடி. இவளுக்கும் படிச்சுக் காட்டு."